தேங்காய் பார்த்துக் கொடுத்த டவுசர்

அயோத்தியாப்பட்டணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. ஆத்தூர் ரோட்டில் எந்த ஷெட்டுக்கு முன்னால் செருப்பு மலையாகக் குவிந்திருக்கிறதோ, அதுதான் ஆசிரமம். ஒரு காலத்தில் போர்வெல் வண்டி நிறுத்திய ஷெட். டீசல் வாடை போய் இப்போது சாம்பிராணி வாடை வந்திருக்கிறது. வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு: 'தேங்காய்ச் சித்தர் அருளும் சக்தி டவுசர். சைக்கிள் ஓட்டும் பெண்களின் கர்ப்பப்பைக்குக் கவசம்.' போர்டில் சித்தர் சைக்கிளில் உட்கார்ந்தபடி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். சைக்கிளுக்குச் செயின் இல்லை. வரைந்தவன் மறந்திருப்பான். பார்த்த ஆயிரம் பேரில் ஒருத்திகூட அதைக் கேட்கவில்லை. முக்திக்குப் போகிற வண்டிக்குச் செயின் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

சேலத்துப் பக்கம் இப்போது பெண்கள் நிறையப் பேர் சைக்கிள் ஓட்டுகிறார்கள். சர்க்கரை குறைய ஓட்டுகிறவர்கள் உண்டு, இடுப்பு குறைய ஓட்டுகிறவர்கள் உண்டு, காலையில் ஒரு மணி நேரமாவது வீட்டு நச்சரிப்பு குறையட்டும் என்று ஓட்டுகிறவர்களும் உண்டு. பத்து கிலோமீட்டர் தாண்டினால் உட்காருகிற இடம் நோகும். அதற்கு மந்திரம் வேண்டாம். உட்காருகிற இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த பேடு டவுசர் போதும். ஆனால் அதைக் கடையில் போய்க் கேட்க வேண்டுமே. கல்லாவுக்குப் பின்னால் மீசை வைத்த ஆள் நிற்பான். எந்த அளவு என்பான். எந்த இடத்தில் நோகிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? வெட்கம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சாமியார் கடை போடுவார்.

சித்தர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. பெண்ணுக்கு டேப் வைத்து அளவெடுப்பதே பாவம் என்பது அவர் உபதேசம். அவள் பத்தடி தள்ளிக் கைகூப்பி நின்றால் போதும். காவி நிற டவுசர்கள் வரிசையாகப் பரப்பியிருக்கும். சித்தர் உள்ளங்கையில் ஒரு குடுமித் தேங்காயைப் படுக்கவைத்து, கண்ணை மூடி, டவுசர் டவுசராகக் கடந்து போவார். ஏதோ ஒன்றின் மேல் போகும்போது தேங்காய் மெல்ல அசைந்து, குடுமி மேலே பார்க்க எழுந்து நிற்கும். அதுதான் அவளுக்கு ஆண்டவன் தைத்து வைத்தது. தொண்ணூறு கிலோ அம்மாவுக்கு ஒல்லிப் பெண்ணின் டவுசர் வாய்த்ததும் உண்டு. இழுத்துப் பிடித்துப் போட்டுக்கொண்டு மூச்சு முட்டினால், அதற்குப் பெயர் பிராணாயாமம்.

டவுசரோடு நிபந்தனையும் வரும். நாற்பத்தெட்டு நாள் விடாமல் போட வேண்டும். உள்ளே வழக்கமான உள்ளாடை கட்டாயம் வேண்டும். முக்கியமாக, துவைக்கவே கூடாது. தண்ணீர் பட்டால் சக்தி இறங்கிவிடும். பேடுக்குள் பதினெட்டு மூலிகைப் பொட்டலம் இருக்கிறதாம், அதனால் உட்காரும்போது கல் மாதிரி உறுத்தும். உறுத்தினால் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதிலும் இரண்டு ரகம். உள்பட்டையில் சும்மா சந்தனம் வைத்தது சாதா. சந்தனத்துக்குள் சின்னதாக வேல் குறி விழுந்திருந்தால் விசேஷம். அதை மனிதன் போடவில்லையாம், பூஜையில் தானாக விழுந்ததாம். விசேஷத்துக்கு தட்சிணை ஐநூறு ரூபாய் அதிகம்.

மல்லசமுத்திரம் மஞ்சுளா விசேஷம்தான் வாங்கினாள்.

மஞ்சுளா லேசுப்பட்ட ஆள் இல்லை. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் வேலை. டீ-ஷர்ட், டிராக், விளையாட்டு டவுசர் என்று எது மேஜைக்கு வந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பிப் போக முடியாது. ஒரு தையல் விட்டிருந்தாலும் கழித்துவிடுவாள். கழித்த பீசு மறுபடி நல்ல பீசோடு கலந்துவிடாமல் இருக்க, லேபிளில் கத்தரியால் ஒரு வெட்டு வைப்பது அந்தக் கம்பெனி வழக்கம். மற்றவர்கள் நேராக ஒரு வெட்டு வைப்பார்கள். மஞ்சுளா இரண்டு வெட்டில் ஒரு முக்கோணத்தைக் கிள்ளி எடுப்பாள். அவள் கழித்தது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். சூப்பர்வைசரே வந்து பல்லைக் காட்டினாலும் கழித்தது கழித்ததுதான். அவ்வளவு பொல்லாத கண்.

அந்தக் கண்ணை அவள் அயோத்தியாப்பட்டணத்தில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்தாள்.

காரணம் மகள். ஜெயப்பிரியாவுக்குப் பத்தொன்பது வயது. திருச்செங்கோட்டில் கல்லூரி. போகவர பஸ் பாஸ் இருந்தும் சைக்கிளில்தான் போவாள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து விடிவதற்கு முன்பே எழுந்து ராசிபுரம் ரோட்டில் மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். மொத்தம் இரண்டு பெண்களைத்தான் எடுப்பார்கள். அந்த இரண்டில் ஒன்று நான்தான் என்று அவள் வீட்டுக் காலண்டரில் எழுதியே வைத்திருந்தாள். அப்பா லாரியில் நாக்பூர் பக்கம் இருந்துகொண்டு, "ஓட்டட்டும் உடு" என்று சொல்லிவிட்டார். அக்கம்பக்கம்தான் விடவில்லை. வயசுக்கு வந்த பெண் இப்படி மிதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று ஒருத்தி சொன்னாள். நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டாமா என்று இன்னொருத்தி கேட்டாள். இந்தப் பெண்கள் யாரும் டாக்டருக்குப் படித்தவர்கள் அல்ல. படித்திருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நியாயமாகப் பார்த்தால் மஞ்சுளா ஆசிரமத்துக்குப் போயிருக்கவே வேண்டியதில்லை. அதற்கு முந்தின வாரமே மகள் அவளை உள்ளூர்ச் சைக்கிள் கடைக்கு இழுத்துப் போயிருந்தாள். கடை நடத்துவது கோகிலவாணி. புருஷன் போர்வெல் வண்டியோடு வடநாட்டில் கிடக்க, பஞ்சர் ஒட்டுவதிலிருந்து வீல் கோட்டம் எடுப்பது வரை இவளேதான். கையில் கிரீசும் வாயில் நையாண்டியும் எப்போதும் இருக்கும்.

கோகிலவாணி டவுசரை எடுக்கவில்லை. அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து ஸ்டூலில் போட்டாள்.

"இதுல உக்காரு கண்ணு. சைக்கிள் மேல உக்கார மாதிரி நல்லா முன்னால குனிஞ்சு உக்காரு."

ஜெயப்பிரியா உட்கார்ந்து எழுந்தாள். அட்டையில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. கோகிலவாணி டேப்பை வைத்தாள்.

"பதிமூணு சென்டிமீட்டருங்க அக்கா. இந்த ரெண்டு எலும்பும் பேடு மேல சரியா உக்காரோணும். அவ்வளவுதான் சங்கதி. தடிமனா இருந்தாத்தான் சொகம்னு நெனைக்காதீங்க. தலகாணியக் கட்டிக்கிட்டு நாப்பது கிலோமீட்டர் போக முடியுங்ளா? நடுவால தையல் ஓடப்படாது. ஒடம்போட ஒட்டி நிக்கோணும், ஆனா அறுக்கப்படாது. கடைல நின்னுக்கிட்டே போட்டுப் பாத்தாத் தெரியாது, சீட்டு மேல உக்காந்து பாக்கோணும். உள்ள வேறெதும் போடப்படாது. அந்தத் தையல்தான் ஒரசிப் புண்ணாக்கும். ஓட்டீட்டு வந்தா அன்னைக்கே தொவைச்சு வெயில்ல போட்டுரோணும்."

"உள்ள ஒண்ணும் போடாமயா?" மஞ்சுளாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் கோகிலா, வயசுப் புள்ளைகிட்டப் பேசற பேச்சா இது? அட்டைல உக்கார வெச்சு அளக்கறது, கருமம்."

"எலும்புதானுங்க அக்கா. எல்லாருக்கும் இருக்குது."

மஞ்சுளா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். டேப் வைத்து அளந்தவளை நம்பாமல் தேங்காய் வைத்து அளந்தவரை நம்பினாள். பதினோரு வருடமாக டேப்பும் கையுமாக இருக்கிறவள்.

முதல் பத்து நாள் ஜெயப்பிரியா உறுத்தலைப் பொறுத்துக்கொண்டாள். இருபதாவது நாள் தொடையிடுக்கில் காவிச் சாயம் இறங்கித் தடித்தது. இருபத்தைந்தாவது நாள் கொப்புளம். மஞ்சுளா ஆசிரமத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவன் சித்தரின் தலைமைச் சீடன் நந்தகுமார்.

"கொப்புளம் வந்திருச்சுங்களா? சந்தோசப்படுங்கம்மா. கர்ப்பப்பைச் சூடு தோல் வழியா வெளியேறுது. சில பேருக்கு வரவே மாட்டேங்குது, அவங்கதான் அழுவறாங்க."

பாருங்கள் இந்தச் சாமர்த்தியத்தை. புண் வந்தால் அருள் வேலை செய்கிறது. புண் வராவிட்டால் அருள் முன்பே வேலை செய்துவிட்டது. தோற்க வழியே இல்லாத ஒரு தொழில் உலகத்தில் உண்டென்றால் அது இதுதான்.

முப்பதாவது நாள் காலையில் ஜெயப்பிரியா சைக்கிளை எடுத்து வாசல் தாண்டவில்லை. சீட்டில் உட்கார்ந்தவள் அப்படியே இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்கார முடியலம்மா."

"தோசம் எறங்குது கண்ணு. இன்னும் பதினெட்டு நாளுதான். பல்லக் கடிச்சுக்கோ."

"பதினாலு நாள்ல போட்டிம்மா." அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

அதற்கு மேல் மஞ்சுளா பல்லைக் கடிக்கச் சொல்லவில்லை. அன்று கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா பார்த்தார். டவுசரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். முப்பது நாளாகத் துவைக்கவில்லை என்று கேட்டதும் கையுறையை மாற்றிக்கொண்டார்.

"பத்து நாளைக்குச் சைக்கிள் கூடாது. இதை இனிமே போடவே கூடாது. இன்னும் ஒரு வாரம் இதே மாதிரி போட்டா, கிழிச்சுத்தான் சீழ் எடுக்கணும். அப்புறம் போட்டியை மறந்துர வேண்டியதுதான்."

டாக்டர் சொன்னபடி கேட்டால் பத்து நாள் போக நாலு நாள் மிஞ்சும். சித்தர் சொன்னபடி கேட்டால் போட்டியே மிஞ்சாது. கணக்குத் தெரிந்தவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் மஞ்சுளா யோசித்தாள். பாதியில் விட்டால் ஏழு தலைமுறைக்கு வாரிசு தங்காது என்று டவுசரோடு கொடுத்த நோட்டீசில் அச்சடித்திருந்ததே. பயத்தை அச்சடித்துக் கொடுத்தால் அதற்குத் தனி மதிப்பு.

அன்றைக்குப் பார்த்து ஊருக்குள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனார்கள். நாளை காலை மல்லசமுத்திரம் கல்யாண மண்டபத்தில் தேங்காய்ச் சித்தரின் இலவசப் பார்வை முகாமாம். பார்வைதான் இலவசம், டவுசர் இல்லை.

"அம்மா, நாளைக்கு நானும் வாரேன்," என்றாள் ஜெயப்பிரியா. "அவருக்கு நெசமாலுமே சக்தி இருக்குன்னு தெரிஞ்சா, மிச்சப் பதினெட்டு நாளும் போட்டுக்கறேன். போட்டிக்குப் போகல. இல்லீன்னு தெரிஞ்சா டாக்டரம்மா சொன்னதுதான். சரியா?"

"செரி," என்றாள் மஞ்சுளா. சித்தர் ஜெயிப்பார் என்று நம்பித்தான் சொன்னாள்.

மறுநாள் மண்டபத்தில் இருநூறு பெண்கள். ஒரு பக்கம் காத்துக்கொண்டிருந்த ஆண்களில் பாதிப் பேர் மனைவியைக் கூட்டிப்போக வந்தவர்கள், பாதிப் பேர் காப்பிக்கு வந்தவர்கள். மணமக்கள் உட்காருகிற சிவப்பு நாற்காலியில் சித்தர் உட்கார்ந்திருந்தார். காவி வேட்டி, காவித் துண்டு, மார்பு வரை தாடி. நந்தகுமார் மைக்கைப் பிடித்தான். ஒவ்வொரு பெண்ணாக வந்து நிற்க, தேங்காய் எழுந்து எழுந்து நின்றது. எழுந்த ஒவ்வொரு முறையும் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடித்த அடிக்குக் கன்னத்துக்குப் பதில் மூளை கொஞ்சம் அசைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சித்தருக்குக் குஷி வந்துவிட்டது. மைக்கை வாங்கினார்.

"அருள் பெற்ற டவுசரை என் தேங்காய் அறியும். கண்ணைக் கட்டினாலும் அறியும். கதவைச் சாத்தினாலும் அறியும். ஏழு கடல் தாண்டி ஒளித்து வைத்தாலும் அறியும்."

"ஏழு கடல் வேண்டாமுங்க," என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏழு மஞ்சப்பை போதும்."

கோகிலவாணி எழுந்து முன்னால் வந்தாள். கையில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது.

"எதுத்தாப்புல பூவாத்தாக்கா பூக்கடை இருக்குது. ஏழு மஞ்சப்பைய அவங்ககிட்டக் குடுத்தர்றோம். ஒரு பையில மட்டும் நீங்க அருளின டவுசரு. மிச்ச ஆறுல அந்தக்கா அவங்க கடைச் சாமானோ எங்கடைச் சாமானோ, என்ன வேணும்னாலும் வெக்கட்டும். வாயக் கட்டிக் கலச்சு உடட்டும். தூக்கிட்டு வர்றது உங்க ஆளுகளே வரட்டும், பூவாத்தாக்கா இங்க வரவே வேண்டாம். அப்ப இந்த மண்டபத்துல எந்தப் பையில என்ன இருக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. தேங்காய்க்கு மட்டுந்தான தெரியும்? அது எந்திரிச்சு நிக்கட்டும்."

சித்தரின் தாடிக்குள் எதுவோ ஓடியது. "சித்தனைச் சோதிப்பது பாவம் மகளே," என்றார். கூட்டத்திலும், ஆமாம் பாவம்தான், சாமியைப் போய் என்று முணுமுணுப்பு எழுந்தது. இன்னும் அரை நிமிடம் போயிருந்தால் கோகிலவாணியைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள்.

சித்தரைக் காப்பாற்ற எழுந்தவள் மஞ்சுளா. அதுதான் அவருடைய போதாத காலம்.

"பாவம் எப்படிங்க சாமி ஆகும்?" என்றாள் பக்தியோடு. "நாங்க கோயில்ல பூக் கேக்கறதில்லீங்களா? செவப்புப் பூவையும் வெள்ளப் பூவையும் ஒரே மாதிரிப் பொட்டணமா மடிச்சு, கலச்சுப் போட்டுத்தான அம்மன்கிட்ட உத்தரவு கேக்கறோம். பிரிச்சுப் பாத்துட்டா எடுக்கறோம்? அம்மனே கோவிச்சுக்கறதில்ல. நீங்க கண்டுபுடிச்சுக் காட்டுங்க சாமி. இவ வாயி அடங்கட்டும். எம்புள்ள டவுசரையே தாரேன், வேல் குறி விழுந்த டவுசருங்க."

பூக் கேட்காமல் கொங்கு நாட்டில் கல்யாணமும் நிச்சயம் ஆகாது, கிணற்றுக்கு மண்வெட்டியும் விழாது. பூக் கேட்பதில் புத்தி இருக்கிறதா என்பது வேறு கதை. ஆனால் மடித்த பொட்டலத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அந்த நேர்மை அதில் இருக்கிறது. இருநூறு பெண்களுக்கும் அது தெரியும். "பூக் கேக்கற மாதிரித்தானுங்க, செஞ்சிருலாம்," என்று கூட்டமே சொன்னது. இனி மறுத்தால் அம்மனை விடச் சித்தர் பெரியவரா என்று கேட்பார்கள். சித்தர் வேறு வழியில்லாமல் தலையசைத்தார்.

கால் மணி நேரத்தில் ஏழு மஞ்சப்பைகள் மேடையில் வரிசையாக உட்கார்ந்தன. எல்லாம் ஒரே மாதிரி உப்பி, ஒரே மாதிரி வாய் கட்டியிருந்தன. சித்தர் கண்ணை மூடினார். பக்கத்தில் போய் மோந்து பார்க்காதபடி கோகிலவாணி ஒரு முழம் தள்ளியே நிறுத்தினாள். தேங்காய் முதல் பையைக் கடந்தது, இரண்டாவதைக் கடந்தது. நாலாவது பையின் மேல் குலுங்கி எழுந்து நின்றது. கூட்டம் கன்னத்தைத் தேடியது.

மஞ்சுளாவே போய்ப் பையை அவிழ்த்தாள். உள்ளே பழைய சைக்கிள் டியூப்.

பைகளை மறுபடி பூக்கடைக்கு அனுப்பிக் கலைத்துக் கொண்டுவந்தார்கள். இந்த முறை தேங்காய் எழுந்த பையில் கோகிலவாணி கடையின் கிரீஸ் துணி இருந்தது. அருள் பெற்ற கிரீஸ் துணி. மஞ்சள் நிறம் சக்தியை மறைக்கிறது என்றார் சித்தர். சரி என்று அவருடைய காவிப் பைகளையே வாங்கி, அதில் போட்டுக் கொண்டுவந்தார்கள். தேங்காய் வெகு நேரம் யோசித்து, பயந்து பயந்து எழுந்தது. உள்ளே பூக் கட்டுகிற வாழைநார்.

ஓரத்தில் ஒரு பெண் சிரித்தாள். சாமியார் தொழிலில் சாபத்தை விட ஆபத்தானது அந்தச் சிரிப்பு.

"என் தேங்காய் இன்றைக்கு மௌன விரதம்," என்றார் சித்தர்.

"மௌனமா இருந்தாப் பரவாயில்லீங்களே, பொய்யல்ல சொல்லுது," என்ற கோகிலவாணி அவர் கையிலிருந்த தேங்காயை வாங்கித் தன் உள்ளங்கையில் படுக்கவைத்தாள். மைக்குக்கு மேலே நீட்டினாள். தேங்காய் எழுந்து நின்றது. காப்பித் தம்ளருக்கு மேலே நீட்டினாள். எழுந்து நின்றது. நந்தகுமாரின் தலைக்கு மேலே நீட்டினாள். அங்கேயும் எழுந்து நின்றது.

"மணிக்கட்ட ஒரு நூல் சாய்ச்சாப் போதுமுங்க, உருண்டு எந்திரிச்சுக்கும். இந்தாங்க அக்கா, புடிங்க."

மஞ்சுளா வாங்கினாள். மணிக்கட்டைத் துளி சாய்த்தாள். குடுமியை மேலே தூக்கிக்கொண்டு தேங்காய் அவளைப் பார்த்து நின்றது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற காலை நேரம் அவள் கண்ணுக்குள் வந்தது. மானமே போய்விட்டது போலிருந்தது. இதற்காகவா என் பிள்ளையைப் பல்லைக் கடிக்கச் சொன்னேன் என்று நெஞ்சு எரிந்தது.

ஆண்கள் பக்கத்திலிருந்து கருப்பண்ணன் எழுந்து வந்தார். பெண்டாட்டியைக் கூட்டிப்போக வந்த விவசாயி. இவ்வளவு நேரமும் சித்தரின் தாடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"ஏப்பா, நீ நீரோட்டம் பாத்த தனசேகரு தான? எங்க காட்டுல நீ தேங்காய நிறுத்துன எடத்துல ஆயிரத்தி எரநூறு அடி ஓட்டுனமே, மண்ணுப் பொகைதான வந்துது. அன்னைக்கிப் போனவன், தாடிய வளத்துட்டு வந்திருக்கறயா? பூமிக்குள்ள இருக்கற தண்ணியவே தெரியாத தேங்காய்க்கு, பொம்பளைக டவுசரு எப்படியப்பா தெரியும்?"

நந்தகுமாரைச் சுற்றிப் பெண்கள் நெருங்கினார்கள். அவன் மைக்கை வைத்துவிட்டு, சித்தரைக் கேட்காமலே உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். சீடர்களுக்கு ஞானம் வருவது எப்போதும் இப்படி ஒரு நேரத்தில்தான்.

"சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்துல, கம்பெனிக கழிச்சுக் கட்டின லாட்டுங்க. கிலோக் கணக்குல எடுத்தோம். சாம்பக் கலரா இருந்துது, நாந்தான் காவில முக்கினேன். தொவைச்சாச் சாயம் போயிருமுன்னுதான் தொவைக்கக் கூடாதுன்னு சொன்னோம். வேற ஒண்ணும் இல்லீங்க."

கழிச்சுக் கட்டின லாட்டு என்ற வார்த்தை மஞ்சுளாவின் காதில் விழுந்தது. கடைசிக் காவிப் பையை அவிழ்த்து மகளின் டவுசரை வெளியே எடுத்தாள். உள்பக்கம் திருப்பினாள். முப்பது நாளில் முதல் தடவையாக அதைச் செக்கிங் மேஜையில் பார்ப்பது போலப் பார்த்தாள். பேடு ஒரு இஞ்சு கோணலாக ஒட்டியிருந்தது. நடுவில் தடித்த தையல் ஓடியது. கர்ச்சீப்பை நனைத்து உள்பட்டைச் சந்தனத்தைத் துடைத்தாள்.

லேபிளில் இரண்டு வெட்டு. கிள்ளி எடுத்த ஒரு முக்கோணம்.

"இது வேலு இல்லீங்க," என்றாள். "என்ர கத்தரி. போன ஆடியில வந்த சைக்கிள் டவுசர் ஆர்டரு. பேடு கோணை, தையல் தடிப்பு, ஆரும் போடறதுக்கு லாயக்கில்லீன்னு நாந்தான் கழிச்சேன். நான் கழிச்சத நானே ஐநூறு ரூவா சேத்திக் குடுத்து வாங்கி, எம்புள்ளைக்குப் போட்டு உட்டிருக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஜெயப்பிரியா வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மஞ்சுளா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்தாள். நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி எப்போதும் அதில் இருக்கும். மேடையேறிச் சித்தரின் காவித் துண்டு முனையைப் பிடித்தாள். நறுக், நறுக் என்று இரண்டு வெட்டு. ஒரு முக்கோணம் கீழே விழுந்தது.

"கழிச்சாச்சு," என்றாள்.

யாரோ போன் போட்டுப் போலீஸ் வந்தது. ஜீப்பில் ஏறிய தனசேகர் சீட்டு கல் மாதிரி உறுத்துகிறது என்று முனகினாராம். உறுத்தினால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கதை இங்கே முடிந்தால் நம் ஜனங்களுக்குப் பெருமை. ஜீப் தெரு முனை திரும்புவதற்குள் நாலு பெண்கள் கோகிலவாணியைச் சூழ்ந்துகொண்டார்கள். தேங்காய் அவள் கையில் எழுந்ததை எல்லோரும் பார்த்தார்களே. "நீதான் தாயி எங்களுக்குப் பாத்துச் சொல்லோணும்," என்று ஒருத்தி தடாலென்று காலில் விழுந்தாள். கோகிலவாணி இரண்டடி பின்னால் குதித்தாள்.

"கால்ல உழுந்தா எலும்பு அகலம் எப்படியம்மா தெரியும்? எந்திரிச்சு வந்து அட்டைல உக்காருங்க."

பத்து நாள் சைக்கிள் மூலையில் நின்றது. புண் ஆறியது. பதின்மூன்று சென்டிமீட்டருக்கு ஏற்ற டவுசரை இந்த முறை மஞ்சுளாவே கடைக்குப் போய் எடுத்தாள். மீசை வைத்த ஆளிடம் அட்டையை நீட்டி, உள்பக்கம் திருப்பி, ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்து, மூன்றைக் கழித்து நாலாவதை வாங்கினாள். மகளைச் சீட்டில் உட்காரவைத்துப் பார்த்த பிறகுதான் கடையை விட்டு இறங்கினாள். அந்த ஆளுக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

போட்டியன்று ஜெயப்பிரியா நாற்பது கிலோமீட்டரும் நோகாமல் மிதித்தாள். மூன்றாவதாக வந்தாள். எடுத்தது இரண்டு பேரை.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து தண்ணீர் குடித்தவள், "அந்தப் பத்து நாளு ஓட்டியிருந்தா என்னைய எடுத்திருப்பாங்கம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது மஞ்சுளாவுக்கு. கர்ப்பப்பையைக் காப்பாற்றப் போய், பிள்ளை கண்ட கனவைத் தன் கையாலேயே கழித்திருந்தாள். கழித்தது கழித்ததுதான்.

அடுத்த பிரிவுப் போட்டிக்குச் சின்னப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பக்கத்தில் ஒரு தாய், மகளின் ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சுளா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள்.

"அதை அவுத்துருங்க," என்றாள். "புழிஞ்சு, உப்புப் போட்டுப் புள்ளைக்குக் குடிக்கக் குடுங்க. தாகத்துக்காவது ஆகும்."